தபால் மூட்டையோடு பறந்த மனிசன்: ஜே. ஆர். டி. டாட்டா

சித்திரை பிறந்தால் ஊரிலிருந்து ஒரு வாழ்த்துக் கடிதமாவது வரவேண்டும் என்று தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்த காலம் எங்களில் கனபேருக்கு இருந்தது. இப்ப பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே அம்மம்மாவின் முகத்தையே பார்த்துக் கதைக்கிறார்கள். அந்த மெல்லிய நீல ஏரோகிராம், அதை எழுத்துக் கிழியாமல் கத்தியால் மெதுவாக வெட்டிப் பிரிக்கிற பக்குவம், ஓரங்களிலும் விடாமல் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிற செய்திகள், இவற்றை அவர்களுக்குச் சொன்னால் கதை சொல்கிற மாதிரித்தான் இருக்கும். போர்க்காலத்தில் ஒரு கடிதம் மாதக்கணக்காய் அலைந்து வந்து சேர்ந்ததும் உண்டு. அது வந்த பிறகுதான் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த வீடுகளும் உண்டு.

அந்தக் கடிதத்தை ஆர் கொண்டுவந்து தந்தது? தபால்காரன் என்று சொல்லுவோம். அவர் கடைசி அரைமைல் ஆள். நடுவிலே கடலையும் மலையையும் கடந்தது விமானம். ஆனால் தபால் கந்தோரிடம் விமானம் கிடையாது. முத்திரைக் காசை வாங்குவது தபால் கந்தோர். மூட்டையைச் சுமப்பது ஒரு விமானக் கம்பனி. இரண்டுக்கும் நடுவே ஒரு ஒப்பந்தம் இருக்கும். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கிருந்து எங்கே, நிறைக்கு என்ன கூலி, எத்தனை வருஷத்துக்கு என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். இந்த ஒப்பந்தம் சரியாய் இருந்தால் கடிதம் நேரத்துக்கு வரும். பிழையாய் இருந்தால் கம்பனி முறியும், சில வேளை விமானியும் செத்துப்போவான்.

எங்கள் பக்கத்து நாடுகளில் இந்த வேலையைத் தொடக்கிவைத்தவர் ஜே. ஆர். டி. டாட்டா. டாட்டா என்றால் லொறி, இரும்பு, தேயிலை என்றுதான் எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வரும். அவர் முதலில் கைவைத்த சொந்தத் தொழில் தபால் மூட்டை சுமப்பது என்பது பலருக்குத் தெரியாது.

ஜஹாங்கீர் ரதன்ஜி தாதாபாய் டாட்டா பிறந்தது இந்தியாவில் அல்ல, நாங்கள் இப்ப வாழ்கிற இதே பாரிஸ் நகரில். 1904ஆம் ஆண்டு ஜூலை 29. தகப்பன் பார்சி வியாபாரி, டாட்டா குடும்பத்து உறவினர். தாய் சுசான் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. பிள்ளைக்கு முதலில் வந்த பாஷையும் பிரெஞ்சுதான். குடும்பம் பாரிசுக்கும் பம்பாய்க்கும் இடையே அலைந்தது. கொஞ்சக்காலம் ஜப்பானில் யோக்கோஹாமாவிலும் இருந்தார்கள். ஒரு இடத்தில் நிலையாய்ப் படிக்காத பிள்ளை. எங்கட வீடுகளில் இரண்டு மூன்று நாடு மாறிப் படித்த பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு இது விளங்கும்.

கோடை விடுமுறைக்கு இவர்கள் போவது வடக்கே பூலோன் பக்கத்தில் இருக்கிற ஹார்டெலோ என்ற கடற்கரை ஊருக்கு. 1909இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதல் விமானத்தில் தாண்டிய லூயி பிளேரியோவுக்கும் அங்கே வீடு இருந்தது. அந்தக் கடற்கரை மணலில் விமானங்கள் வந்திறங்குவதைப் பார்த்துப் பார்த்தே பெடியனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. 15 வயதில் ஒருநாள் காசு கொடுத்து ஏறுகிற விமானத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். அதோடு முடிவெடுத்தாகிவிட்டது, பெரியவனானால் பறப்பது என்று.

1923இல் தாய் இறந்தார். சட்டப்படி பிரெஞ்சு இராணுவத்திலும் ஒரு வருஷம் சேவை செய்துவிட்டு, தகப்பன் கூப்பிட, பம்பாய்க்குப் போய் டாட்டா கந்தோரில் தொழில் பழகத் தொடங்கினார். 1926இல் தகப்பனும் போய்விட்டார். 22 வயதில் குடும்பப் பொறுப்பு தலையில். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. அந்தக் குறை அவருக்குக் கடைசிவரை மனதில் இருந்தது.

1929ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையில் முக்கியமானது. அந்த வருஷம் பெப்ரவரி 10ஆம் திகதி விமான ஓட்டிப் பத்திரம் கிடைத்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாவது பத்திரம் அது, இலக்கம் 1. அதே வருஷம் பிரெஞ்சுப் பிரஜாவுரிமையை விட்டுவிட்டார். நாங்கள் அதைப் பெறுவதற்கு எத்தனை வருஷம் எத்தனை கந்தோர் வாசலில் நின்றோம் என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பாயும் இருக்கும். அடுத்த வருஷம் ஆகாகான் பரிசுப் போட்டி வந்தது. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண். ஜே. ஆர். டி. கராச்சியிலிருந்து மேற்கே போனார். ஆஸ்பி என்ஜினியர் என்ற பெடியன் இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்தான். எகிப்தில் அபூகீர் என்ற இடத்தில் இருவரும் சந்தித்தபோது ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றான். ஜே. ஆர். டி. தன்னிடம் மேலதிகமாய் இருந்ததைக் கொடுத்தார். ஆஸ்பி சில மணித்தியால வித்தியாசத்தில் வென்றான். பின்னாளில் அவன் இந்திய விமானப்படைத் தளபதியாகவும் வந்தான்.

இனித்தான் தபால் கதை. இந்தியாவில் விமானத்தில் தபால் போனது இதற்கு முதலே நடந்ததுதான். 1911 பெப்ரவரி 18ஆம் திகதி அலகபாத் கண்காட்சியில் ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களை ஆற்றைத் தாண்டி நைனிக்குக் கொண்டுபோனார். அது ஒரு வேடிக்கை போல நடந்தது. ஒழுங்கான சேவை வந்தது 1929 மார்ச் 30ஆம் திகதி. அன்று தொடங்கிய இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன் தபாலைக் கிழமைக்கு ஒருதரம் கராச்சிவரை கொண்டுவந்து இறக்கியது. அதற்குப் பிறகு? லண்டனிலிருந்து கராச்சிக்குப் பறந்து வந்த கடிதம் பம்பாய்க்கும் மெட்ராசுக்கும் ரயிலில் ஊர்ந்துகொண்டு போனது. ஆகாயத்தில் மிச்சம் பிடித்த நாளை ரயில் திரும்பப் பறித்துக்கொண்டது.

இந்த இடைவெளியைக் கண்டுபிடித்தவர் நெவில் வின்சென்ட் என்ற ஆங்கில விமானப்படைக்காரர். படையை விட்டு விலகி, இந்திய ஊர்களில் சனங்களை ஏற்றிப் பறந்து காட்டிக் காசு பார்த்துக்கொண்டிருந்தவர். நாட்டின் ஆகாயம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. கராச்சியில் லண்டன் தபாலை ஏந்தி அகமதாபாத், பம்பாய் வழியாகத் தெற்கே கொண்டுபோகிற திட்டத்தோடு ஜே. ஆர். டி.யிடம் வந்தார். அப்போது டாட்டா கம்பனியின் தலைவர் சேர் தோராப்ஜி டாட்டா. வயது போனவர், உடம்பு சுகமில்லாதவர். விமானம் என்றதும் கையை விரித்தார். ஜோன் பீற்றர்சன் என்ற மூத்த நிர்வாகி இடையில் நின்று பேசித்தான் இரண்டு லட்சம் ரூபா முதலுக்குச் சம்மதம் வாங்கினார்.

வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்தது மூன்று வருஷப் போராட்டத்தின் தொடக்கம் மட்டுந்தான். அரசாங்கத்தைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. அந்தக்காலத்தில் உலகம் முழுக்க விமானத் தபால் நடந்தது அரசாங்க மானியத்தில். கம்பனி பறந்தால் போதும், மூட்டை நிறைந்ததோ இல்லையோ வருஷத்துக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்துவிடும். பிரான்சில் துலூஸிலிருந்து டக்கார் வழியாகத் தென்னமெரிக்காவரை தபால் கொண்டுபோன ஏரோபோஸ்தால் அப்படித்தான் ஓடியது. பிராங்க் காலத்தில் 50 பிராங்க் தாளில் படம் போட்டிருந்த செந்தெக்சுபெரி அதில்தான் விமானி. அந்தக் கம்பனி 1931இல் கடனில் மூழ்கிக் கலைப்புக்குப் போனது. அமெரிக்காவில் வேறு கூத்து. ஒப்பந்தங்களை வேண்டியவர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்தார்கள் என்று ஊழல் கதை கிளம்ப, 1934 பெப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் எல்லா ஒப்பந்தங்களையும் ரத்துச் செய்து தபாலை இராணுவத்திடம் கொடுத்தார். இரவிலும் பனியிலும் பறந்து பழகாத இராணுவ விமானிகள் பத்துப் பேருக்கு மேல் சில மாதங்களுக்குள் செத்தார்கள்.

டாட்டாக்களும் முதலில் உதவி கேட்டுத்தான் விண்ணப்பித்தார்கள். டில்லியில் இருந்த ஆங்கில அரசு கோப்பைத் தூக்கி ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு வைத்தது. உலகப் பொருளாதார மந்தம் வேறு. காசு இல்லை என்றார்கள். வின்சென்ட் போய் வந்து போய் வந்து களைத்துப்போனார். கடைசியில் ஜே. ஆர். டி. பக்கம் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தது: மானியம் வேண்டாம், உத்தரவாதத் தொகையும் வேண்டாம், சுமக்கிற தபாலின் நிறைக்குக் கூலி மட்டும் தந்தால் போதும். இதற்குமேல் மறுக்க அரசாங்கத்துக்கு என்ன சாட்டு இருக்கிறது? 1932 ஏப்ரல் 24ஆம் திகதி பத்து வருஷ ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுத்து நின்ற தோராப்ஜி, முதல் விமானம் பறப்பதைப் பார்க்காமலே அந்த ஜூன் மாதம் காலமாகிவிட்டார்.

இந்த ஒப்பந்தத்தின் பாரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. விமானத்துக்குள் ஒரு கடிதம் இருந்தாலும் ஆயிரம் இருந்தாலும் பெற்றோல் அவ்வளவுதான், விமானி சம்பளம் அவ்வளவுதான். குறித்த நாளில் குறித்த நேரத்துக்குப் பறந்தே ஆகவேண்டும். சனங்கள் கடிதம் எழுதாவிட்டால் நட்டம் முழுக்கக் கம்பனிக்கு. நல்ல பக்கமும் ஒன்று இருந்தது. பத்து வருஷம் என்று காலம் எழுதப்பட்டதால் துணிந்து விமானம் வாங்கலாம், ஆள் பழக்கலாம். நிறைக்குக் காசு என்ற கணக்கு கடிதம் எழுதுகிறவனையும் கட்டியது. கனத்த தாளில் எழுதினால் முத்திரை கூட ஒட்டவேண்டும். அதனால்தான் விமானத் தபால் என்றாலே மெல்லிய தாள் என்ற பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. எங்கட நீலத்தாளும் அந்தக் கணக்கின் பேரப்பிள்ளைதான்.

செப்டெம்பரில் தொடங்க இருந்தது மழையால் பிந்தி, 1932 ஒக்ரோபர் 15ஆம் திகதி காலை 6.35க்கு ஜே. ஆர். டி. கராச்சி ட்ரிக் றோட் விமானத்தளத்திலிருந்து கிளம்பினார். விமானம் ஒற்றை எஞ்சின் புஸ் மொத். அதற்குள் லண்டனிலிருந்து வந்த தபால் சுமார் 25 கிலோ. எங்கட ஆள் ஒருவர் விமானத்தில் கொண்டுவருகிற ஒரு சூட்கேஸ் நிறை, அவ்வளவுதான். றேடியோ கிடையாது, கீழே ரயில் பாதையையும் ஆற்றையும் பார்த்துத் திசை பிடிக்கவேண்டும். அகமதாபாத்தில் இறங்கியபோது எரிபொருள் வந்து நின்றது மாட்டு வண்டிலில், தகரம் தகரமாக. அதை ஊற்றிக்கொண்டு மறுபடி ஏறி, பகல் 1.50க்குப் பம்பாய் ஜூஹு மணல்தரையில் இறங்கினார். அங்கே வின்சென்ட் இரண்டாவது புஸ் மொத்தோடு காத்து நின்றார். மெட்ராஸ் தபாலை மாற்றி ஏற்றிக்கொண்டு போனவர், எதிர்க்காற்றில் அகப்பட்டுப் பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் மெட்ராசில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கம்பனி என்று பெரிதாய்ச் சொல்கிறோம். இருந்தது இரண்டு சின்ன விமானம், ஜூஹுவில் ஒரு ஓலைக் கொட்டகை, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். மழைக்காலத்தில் ஜூஹு தரை வெள்ளத்துக்குள் போய்விடும்; மூட்டை முடிச்சோடு பூனாவுக்கு இடம்பெயர்ந்து அங்கிருந்து பறந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பருவமழை மேகம் எப்படி இறங்கும் என்பது அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அதற்குள்ளேயும் நேரம் தவறவில்லை. 1933–34 வருஷத்துக்கான சிவில் விமானப் போக்குவரத்து இலாகாவின் அறிக்கை டாட்டா சேவை நூற்றுக்கு நூறு நேரத்துக்கு ஓடியதாகப் பதிவு செய்தது. முதல் வருஷத்தில் பறந்தது 160,000 மைல். சுமந்தது ஏறக்குறைய 10 தொன் தபால். கூட ஏறியவர்கள் 155 பயணிகள். இலாபம் 60,000 ரூபா. அந்தக்கால விமானத்தில் பயணி இரண்டாம்பட்சம், தபால் மூட்டைக்குத்தான் முதல் மரியாதை. மானியமில்லாமல் நடத்த முடியாது என்று எல்லோரும் நம்பியிருந்த தொழிலில் மானியமில்லாமல் இலாபம் காட்டியது சின்ன விஷயமில்லை.

சேவை தெற்கே இறங்கிக்கொண்டே வந்தது. 1935 ஒக்ரோபரில் பம்பாயிலிருந்து கோவா, கண்ணனூர் வழியாகத் திருவனந்தபுரம். 1937 நவம்பரில் டில்லி. அதற்குள் பிரித்தானிய அரசு பேரரசு விமானத் தபால் திட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவரை விமானத்தில் போகவேண்டுமென்றால் வழக்கமான முத்திரைக்கு மேலே தனிக்கட்டணம் கட்டவேண்டும். புதிய திட்டத்தில் பேரரசு நாடுகளுக்கு இடையே போகிற சாதாரணக் கடிதம் எல்லாமே தனிக்கட்டணம் இல்லாமல் விமானத்தில் போகும். இங்கிலாந்திலிருந்து அரை அவுன்சுக்கு ஒன்றரைப் பென்ஸ். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இது 1938 பெப்ரவரி 23ஆம் திகதி தொடங்கியது. கராச்சிக்குத் தெற்கே சுமக்கும் ஒப்பந்தம் டாட்டாவுக்கு. பாதை கராச்சி, அகமதாபாத், பம்பாய், ஹைதராபாத், மெட்ராஸ், திருச்சி, கொழும்பு.

அந்த பெப்ரவரிக் கடைசியில் டாட்டா விமானம் தபாலோடு இறத்மலானையில் வந்து இறங்கியது. அதுவரை லண்டன் கடிதம் கப்பலில் கிழமைக்கணக்காய் வரும். இனி நாட்கணக்கு. கொழும்பிலிருந்து இரவு மெயில் ரயில் யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மூட்டைகள் சும்மா பத்து மடங்கு இருபது மடங்கு என்று பெருகின; சின்ன விமானம் போதாமல் பெரிய விமானங்கள் வாங்கினார்கள். அதே 1938இல், 34 வயதில், ஜே. ஆர். டி. முழு டாட்டா நிறுவனங்களுக்கும் தலைவரானார்.

ஆனால் அந்த நல்லகாலம் ஒன்றரை வருஷந்தான். 1939 செப்டெம்பரில் யுத்தம் வந்ததும் திட்டம் நின்றது, தனிக்கட்டணம் திரும்பி வந்தது, விமானங்கள் யுத்த வேலைக்குப் போயின. 1942 ஜனவரியில் வின்சென்ட் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது அவர் வந்த இராணுவ விமானம் பிரெஞ்சுக் கரைக்கு அப்பால் தொலைந்துபோனது. இந்தியாவில் விமானம் கட்டும் தொழிற்சாலை ஒன்றுக்காகப் போனவர். இந்தக் கதையில் பாதிப் பெருமை அவருக்குச் சேரவேண்டும், பெயர்தான் மறந்துபோயிற்று.

1946இல் டாட்டா ஏர்லைன்ஸ் ஏர் இந்தியா என்று பெயர் மாறிப் பொதுக் கம்பனியானது. 1948 ஜூன் 8ஆம் திகதி மலபார் பிரின்சஸ் என்ற விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் புறப்பட்டது. 1932இல் லண்டன் தபாலைக் கராச்சியில் ஏந்தியவர்கள் 16 வருஷத்தில் லண்டனுக்கே பறந்தார்கள்.

சுதந்திர இந்தியாவில் தபால் ஒப்பந்தம் ஒன்றே அவருக்கும் அரசாங்கத்துக்கும் பகையை மூட்டியது. போக்குவரத்துத் தொடர்பு மந்திரி ரஃபி அகமத் கிட்வாய்க்கு ஒரு நல்ல யோசனை: பம்பாய், டில்லி, கல்கத்தா, மெட்ராஸ் நாலு பக்கத்திலிருந்தும் இரவில் விமானங்கள் புறப்பட்டு நடுச்சாமத்தில் நாக்பூரில் கூடும், மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியமுதல் வீடு திரும்பும். இன்று போட்ட கடிதம் நாளைக்குக் கையில். ஜே. ஆர். டி. ஒத்துக்கொள்ளவில்லை. இரவில் இறங்கத் தேவையான விளக்கு, றேடியோ, வழிகாட்டிக் கருவிகள் தளங்களில் போதாது, விமானியின் உயிரை வைத்து விளையாட முடியாது என்பது அவர் கட்சி. அரசாங்கம் தரும் கூலியும் கட்டாது என்று கணக்குச் சொன்னார். பகிரங்கமாகவே வாக்குவாதம் நடந்தது. மந்திரி ஒப்பந்தத்தை இந்தியன் ஓவர்சீஸ் ஏர்லைன்ஸ் என்ற வேறொரு கம்பனிக்குக் கொடுத்தார். 1949 ஜனவரிக் கடைசியில் சேவை தொடங்கியது. சில மாதங்களிலேயே அந்தக் கம்பனி முறிந்தது. பிறகு ஒக்ரோபரில் ஹிமாலயன் ஏவியேஷன் எடுத்து நடத்தியது.

நியாயமாய்ச் சொன்னால் இருவரிலும் சரி இருந்தது. கிட்வாயின் நாக்பூர் இரவுத் தபால் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ஓடி, சனங்களுக்குப் பெரும் உபகாரமாய் இருந்தது. 1949 ஏப்ரல் முதல் உள்நாட்டுக் கடிதங்கள் தனிக்கட்டணமில்லாமல் விமானத்தில் போனதும் அவர் காலத்தில்தான். ஜே. ஆர். டி. பயந்ததும் வீண் பயமில்லை. 1953 டிசெம்பரில் நாக்பூரிலிருந்து இரவில் எழும்பிய விமானம் விழுந்து 13 பேர் இறந்தார்கள். கட்டாத கூலிக்கு ஒப்பந்தம் எடுத்த கம்பனி தொடங்கிய வேகத்தில் மூடியதும் கண்ணுக்கு முன்னால் நடந்ததுதான். குறைந்த விலை கேட்டவனிடம் வேலையைக் கொடுத்துவிட்டுப் பிறகு தலையில் கைவைக்கிற கதை எங்கட சங்கங்களுக்கும் புதிதில்லை!

1953 ஓகஸ்ட் 1ஆம் திகதி விமானக் கம்பனிகள் எல்லாம் தேசியமயமாக்கப்பட்டன. தன்னோடு ஒழுங்காய்ப் பேசாமலே எடுத்துக்கொண்டார்கள் என்ற வேதனை அவருக்கு இருந்தது. ஆனாலும் நேரு கேட்க, அரசாங்க ஏர் இந்தியாவுக்குச் சம்பளம் வாங்காத தலைவராக இருந்து, 25 வருஷம் அதை உலகம் மதிக்கிற சேவையாய் வைத்திருந்தார். விமானத்துக்குள் திரைச்சீலையின் நிறம், தேத்தண்ணியின் பதம் எல்லாம் கவனித்துக் கடிதம் எழுதுகிற மனிசன். 1978 பெப்ரவரியில் மொரார்ஜி தேசாய் அரசு அவரை ஒரு முன்னறிவித்தலும் இல்லாமல் நீக்கியது. 1980இல் இந்திரா காந்தி திரும்ப நிர்வாக சபைக்குக் கூப்பிட்டார்.

1982 ஒக்ரோபர் 15ஆம் திகதி, முதல் தபால் பறந்து 50 வருஷம் நிறைந்த நாளில், 78 வயதில் அவர் ஒரு பழைய லெப்பேட் மொத் விமானத்தைத் தனியாக ஓட்டிக் கராச்சியிலிருந்து பம்பாய் வந்தார். இடையில் அந்தப் பாதையில் ஒரு தேசம் இரண்டாகி, மூன்று யுத்தமும் நடந்துவிட்டது. ஜூஹுவில் இறங்கியபோது மூட்டை முந்தின மாதிரியே தபால்.

இன்றைக்குத் தபால் கந்தோர்கள் விமானக் கம்பனிகளுக்குக் கொடுக்கிற கூலியும் அடிப்படையில் அதே கணக்குத்தான், நிறையும் தூரமும். நாடு விட்டு நாடு போகிற தபாலுக்கு ஒரு கிலோவை ஒரு கிலோமீற்றர் சுமக்க அடிப்படை விகிதம் எவ்வளவு என்பதைச் சர்வதேசத் தபால் ஒன்றியம் வகுத்து வைத்திருக்கிறது. கடிதம் குறைந்து பொதி கூடிவிட்டது. பயணிகள் விமானத்தின் வயிற்றுக்குள் எங்கட சூட்கேசுக்குப் பக்கத்திலேயே அந்த மூட்டைகளும் வருகின்றன.

1992இல் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா கொடுத்தது. 1993 நவம்பர் 29ஆம் திகதி ஜெனீவாவில் காலமானார். அவர் தொடக்கிய ஏர் இந்தியா 2022 ஜனவரி 27ஆம் திகதி திரும்பவும் டாட்டா கைக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. உடலை அடக்கம் செய்தது பிறந்த ஊரான பாரிஸில், பெர் லஷேஸ் மயானத்தில். லா ஷப்பல் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் 2ஆம் இலக்க மெற்றோவில் ஏறினால் ஏழாவது தரிப்பு. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும்; பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்.